விழுந்தவருக்கு வலிப்பு என்று நினைத்துவிடாதீர்

கிள்ளான் வட்டாரத்தில் மாலையானால் புட்சால் திடல்களும் பூப்பந்து மண்டபங்களும் இளைஞர்களால் நிரம்பிவிடும். அங்கே ஒருவர் யாரும் மோதாமலே சுருண்டு விழுந்தால், பலருக்கு முதலில் தோன்றுவது வலிப்புதான். முகத்தில் தண்ணீர், கையில் சாவிக்கொத்து. இதயம் திடீரென நின்றாலும் உடல் சில வினாடிகள் வெட்டி இழுக்கும். வாய் திறந்து திணறும். அது மூச்சல்ல.

2024 ஜூன் 30-இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் ஆடிக்கொண்டிருந்த சீனாவின் 17 வயது பூப்பந்து வீரர் ஜாங் ஸி ஜியே இப்படித்தான் சரிந்தார். நடுவரின் அனுமதிக்குப் பிறகே மருத்துவக் குழு உள்ளே சென்றது. அவர் பிழைக்கவில்லை. 2021-இல் கோப்பன்ஹேகனில் விழுந்த டென்மார்க் காற்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்கோ திடலிலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சியும் கொடுத்தார்கள். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் அவர் கோல் அடித்தார்.

தட்டி அழைத்தும் அசைவில்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 999-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் அமிழும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். மண்டபத்தில் ஏஇடி கருவி இருந்தால், என்ன செய்ய வேண்டும் என்று அதுவே குரலில் சொல்லும்.

ஓடும்போது ஒருமுறை மயங்கிய பிள்ளையை, "சாப்பிடாமல் போயிட்டான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டி இசிஜி எடுங்கள். வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.