அறுபத்தைந்து நாள் பயறு

கொல்கத்தா அலிப்பூரில் இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் இருக்கிறது. 1820-ம் வருஷம் வில்லியம் கேரி என்ற பாதிரியார் தொடங்கிய சங்கம் அது. நல்ல விதையைப் பரப்புவது அதன் ஆதி நோக்கங்களில் ஒன்று. விதை வாங்குகிறவர் எந்தக் காலத்திலும் கேட்கும் கேள்விகள் இரண்டு: எத்தனை நாளில் காய்க்கும்? எப்படி வளரும்?

பயறு வகைகளில் இவை வெறும் ஆவலால் எழும் கேள்விகள் அல்ல. தஞ்சைப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் அதற்கு ஆதாரம். வங்காளத்திலோ உருளைக்கிழங்கும் கடுகும் எடுத்த வயலில் மாசி, பங்குனியில் பயறு விதைத்து, மழை பிடிக்குமுன் பறித்தாக வேண்டும். பத்து நாள் தாமதித்தால் அங்கே காயும், இங்கே நனையும்.

பேரப்பிள்ளையிடம் தெரியும் குணம்

நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் மெண்டல் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டை. அடுத்த தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. மறைந்திருந்த குணம் பேரப்பிள்ளைகளிடம் தலைகாட்டியது. 1866-ல் அச்சான இந்த உண்மையை உலகம் 1900-ல்தான் கவனித்தது.

பூக்கும் காலம் அப்படி இல்லை. கலப்புச் செடி தாய்க்கும் தந்தைக்கும் நடுவில் பூத்ததை மெண்டலே கண்டார். முற்றும் காலத்தைப் பெரும்பாலும் பல ஜீன்கள் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. பகலின் நீளமும் வெப்பமும் அதை மாற்றும். ஓர் ஊரில் 65 நாளில் முற்றும் ரகம் வேறு ஊரில் சில நாள் முந்தலாம், பிந்தலாம்.

வளரும் விதமும் முக்கியம். நுனி நீண்டுகொண்டே போகும் செடியில் பூவும் காயும் மாறி மாறி வரும். இரண்டு மூன்று தடவை பறிக்க வேண்டும். நுனி பூவோடு நின்றுவிடும் செடியில் காய்கள் ஏறக்குறைய ஒன்றாக முற்றும். பல பயறு வகைகளில் இது அடங்கி நிற்கும் குணம். கலப்பின் முதல் தலைமுறையில் வெளியே தெரியாது.

அவசரத்துக்கு விலை

சீக்கிரம் முற்றும் செடிக்கு உணவு சேர்க்க நாள் குறைவு, விளைச்சலும் குறையலாம். நாளும் குறைய வேண்டும், விளைச்சலும் நிற்க வேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர்களின் பாடு. மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை நீக்கி, மறுநாள் காலை வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். புதுக்கோட்டை வம்பனிலும், முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பஹரம்பூரிலும் பயறு ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன.

ஊர் நிலத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே உத்தியோகம் பார்ப்பவர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. மூன்று தடவை பறித்தால் மூன்று தடவை கூலி. ஊருக்குக் கடிதம் எழுதும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: எத்தனை நாள் ரகம்? ஒரே பறிப்பில் தீருமா? மஞ்சள் தேமல் நோயைத் தாங்குமா? உளுந்தும் பாசிப்பயறும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. கலப்பில்லாத நல்ல விதை ஒரு தடவை கைக்கு வந்தால், கவனமாக எடுத்துவைத்துச் சில வருஷம் விதைக்கலாம்.