குழந்தையின் குடலில் புண்: டிபியா, க்ரோன் நோயா? குழப்பம் ஏன்?

மாதக்கணக்கில் விட்டுவிட்டு வயிற்றுவலி. லேசான காய்ச்சல். கூடப் படிக்கும் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போக, இந்தப் பிள்ளைக்கு மட்டும் போன வருஷ யூனிஃபார்மே சரியாக இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால், சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்திருக்கிறது. இந்தியாவில் டாக்டருக்கு உடனே தோன்றுவது காசநோய், அதாவது டிபி. இங்கே அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனா குழந்தைகளுக்கு அரிதாக வரும் 'க்ரோன்' நோயும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும்.

டிபி, கிருமியால் வருவது. க்ரோன் நோயில் நம் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குகிறது. இந்தக் குழப்பம் புதுசும் இல்லை. டிபி போலவே தெரிந்தாலும் டிபி அல்லாத ஒரு குடல் அழற்சியைப் பற்றி ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டால்சீல் 1913-லேயே எழுதிவிட்டார். நியூயார்க் மருத்துவர் க்ரோனும் சகாக்களும் 1932-ல் எழுதிய பிறகுதான் இந்தப் பெயர் வந்தது.

டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடாதா?

பல நேரம் தெரியாது. கொலோனோஸ்கோபி செய்து எடுக்கும் சதைத்துணுக்கில் டிபி கிருமி கிடைத்தால் கேள்வியே இல்லை. கிடைக்காவிட்டால், டிபி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் டெஸ்ட், குடலில் அழற்சி இருப்பதைச் சொல்லும். எதனால் என்று சொல்லாது.

மாற்றிக் கணித்தால்?

டிபி உள்ள குழந்தைக்கு க்ரோனுக்கான ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியோ போனால், கிருமி உடலெங்கும் பரவலாம். உயிருக்கே ஆபத்து. அதனால் தெளிவில்லாதபோது டிபி மருந்தை முதலில் கொடுத்துப் பார்க்கிறார்கள். சிக்கல் இங்கேதான்: க்ரோன் நோயாளிகள் சிலருக்கும் டிபி மருந்தில் கொஞ்சம் தேவலை போலத் தோன்றும். "வலி குறைஞ்சிருக்கு" என்பதை மட்டும் நம்பி ஆறு மாத கோர்ஸை ஓட்டினால், உள்ளே குடல் சுருங்கிக்கொண்டிருக்கலாம். பருவ வயதுக்கு முன் இழந்த உயரத்தை முழுசாக மீட்பதும் கஷ்டம். எனவே இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப் செய்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். டாக்டர் சொல்லாவிட்டால் பெற்றோரே கேட்கலாம், தப்பில்லை.

க்ரோன்தான் என்று உறுதியானால், பல குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை மாத்திரையே அல்ல. ஆறு முதல் எட்டு வாரம் இட்லி, சோறு எதுவும் இல்லாமல் மருத்துவத் திரவ உணவு மட்டும். கடைகளில் விற்கும் ஹெல்த் டிரிங்க் இதற்கு உதவாது. அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டுக்கு ஈடான இந்த முறையில், வளர்ச்சிக்கும் கெடுதல் இல்லை. பிறகு நோய் திரும்பாமல் இருக்க நீண்டகால மருந்து வேண்டும்.

ஆறு வயதுக்குள் வந்தால் ஒற்றை மரபணுக் கோளாறு காரணமாக இருக்கலாம் என்பதால், மரபணு பரிசோதனையும் கேட்பார்கள்.