டயட் குளிர்பான டப்பாவில் இருக்கும் அந்த ஒரு வரி.. யாருக்கான எச்சரிக்கை தெரியுமா?

சர்க்கரை சேர்க்காத குளிர்பானமோ, சுகர் ஃப்ரீ சூயிங் கம்மோ வாங்கும்போது லேபிளை உற்றுப் பாருங்கள். அஸ்பார்டேம் சேர்த்திருந்தால், 'ஃபீனைல்கீட்டோன்யூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல' என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும். வாயில் நுழையாத பெயர் என்பதால் பலரும் கடந்துபோய்விடுவார்கள். ஆனால், நாம் சாப்பிடும் பருப்பும் முட்டையும் உடலுக்குள் என்ன ஆகிறது என்ற முழுக்கதையும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

அமினோ அமிலம் என்றால் என்ன?

புரதம் என்பது ஒரு மாலை என்றால், அதில் கோத்த பூக்கள்தான் அமினோ அமிலங்கள். நம் உடல் புரதங்களைக் கட்ட 20 வகை அமினோ அமிலங்கள் தேவை. அதில் 9 வகைகளை உடலால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் வந்தாக வேண்டும்.

அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் பரவாயில்லை. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைப்பதும், சோற்றுக்குப் பருப்புக் குழம்பு ஊற்றுவதும் இந்தக் கணக்கைத்தான் சரி செய்கிறது.

சாப்பிட்ட புரதம் என்ன ஆகிறது?

வயிறும் குடலும் அந்த மாலையைப் பிரித்து உதிரிப் பூவாக்கி ரத்தத்தில் விடுகின்றன. அதை வைத்து தசை, ரத்தம், என்சைம் என உடல் தனக்கு வேண்டியதைக் கட்டுகிறது. பழைய புரதங்களை உடைத்து அதையும் மறுபடி பயன்படுத்துகிறது.

சரி, மிச்சம் ஆனால்? மாவுச்சத்தையும் கொழுப்பையும் சேமிக்க உடலில் இடம் உண்டு. அமினோ அமிலத்துக்கு அப்படி ஒரு கிடங்கு கிடையாது. அதனால் உபரியை உடைத்தாக வேண்டும். அதில் இருக்கும் நைட்ரஜன் பகுதி அம்மோனியாவாக மாறும். அது மூளைக்கு விஷம். கல்லீரல் அதை யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மீதி இருக்கும் கார்பன் பகுதி எரிபொருளாகவோ, சர்க்கரையாகவோ, கொழுப்பாகவோ மாறும். அளவுக்கு மீறி புரோட்டீன் பவுடர் குடித்தால் எல்லாம் தசையாகிவிடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

சிக்கல் எங்கே வருகிறது?

அந்த 9 வகைகளில் ஒன்றுதான் ஃபீனைல்அலனின். பால், முட்டை, கறி, மீன், பருப்பு என புரதம் உள்ள எல்லாவற்றிலும் இது உண்டு. கல்லீரலில் இருக்கும் ஒரு என்சைம் இதை டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றும். டோபமைன், அட்ரினலின், தைராய்டு ஹார்மோன், தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் என எல்லாமே டைரோசினில் இருந்துதான் உருவாகின்றன.

சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே அந்த என்சைம் வேலை செய்யாது. ஃபீனைல்அலனின் ரத்தத்தில் தேங்கிக்கொண்டே போகும். மூளைக்குள் செல்ல அமினோ அமிலங்கள் பலவற்றுக்கும் ஒரே வாசல்தான். ஷேர் ஆட்டோவில் ஒரே வீட்டு ஆட்களே ஏறி உட்கார்ந்துகொண்ட மாதிரி, ஃபீனைல்அலனினே வாசலை அடைத்துக்கொள்வதால் மற்றவை உள்ளே போக முடியாமல் தவிக்கும். மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

இதில் கொடுமை என்னவென்றால், பிறந்தபோது குழந்தை நன்றாகவே இருக்கும். சில மாதங்கள் கழித்துதான் வளர்ச்சி பின்தங்குவது, வலிப்பு, சிறுநீரில் ஒருவித பூஞ்சை வாடை போன்றவை தெரியவரும். அதற்குள் மூளையில் ஏற்பட்ட பாதிப்பை முழுவதும் சரிசெய்ய முடியாது.

கண்டுபிடித்தது எப்படி?

1934-ல் நார்வேயில், மனவளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளின் சிறுநீரில் ஏன் வித்தியாசமான வாடை வருகிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு தாய். மருத்துவரும் வேதியியல் படித்தவருமான அஸ்பியோர்ன் ஃபோலிங் அந்தச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தபோது அது பச்சை நிறமானது. அந்த நிறத்தின் காரணத்தைத் தேடிப் போனவர் இந்த நோயைக் கண்டறிந்தார்.

1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கல் குழுவினர், ஃபீனைல்அலனினை நீக்கிய சிறப்பு உணவை ஒரு சிறுமிக்குக் கொடுத்து முன்னேற்றத்தைக் கண்டனர். அப்படியானால், பாதிப்பு வரும் முன்பே இந்த உணவைத் தொடங்கிவிட்டால்? அதற்கு நோய் முன்கூட்டியே தெரிய வேண்டுமே!

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி அதற்கு வழி சொன்னார். பிறந்த குழந்தையின் குதிகாலில் சின்னதாகக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுத்தால் போதும். அவ்வளவுதான் சோதனை! அன்று அவர் தொடங்கிவைத்த குதிகால் ரத்தப் பரிசோதனையில் இன்று பல நோய்கள் கண்டறியப்படுகின்றன.

சிகிச்சை என்ன?

ஃபீனைல்அலனினை அடியோடு நிறுத்தவும் முடியாது. அதுவும் உடலுக்குத் தேவையான ஒன்று. அதனால் அளந்து கொடுக்க வேண்டும். பால், முட்டை, கறி, பருப்பு எல்லாவற்றிலும் கட்டுப்பாடு வரும். அதை ஈடுகட்ட ஃபீனைல்அலனின் இல்லாத சிறப்புப் பால்மாவு கொடுக்கப்படும். பிறந்த சில நாட்களிலேயே தொடங்கி, தொடர்ந்து கடைப்பிடித்தால் இந்தக் குழந்தைகள் மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்து படிக்க முடியும். சிலருக்கு மருந்துகளும் பலன் தருகின்றன.

அந்த லேபிள் எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு உடலில் உடையும்போது ஃபீனைல்அலனின் வெளியாகும். ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்த்துச் சாப்பிடுபவர்களுக்கு அது ஆபத்து. மற்றவர்களின் உடல், பருப்பில் இருந்து வரும் ஃபீனைல்அலனினைப் போலவே இதையும் கையாண்டுவிடும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

இது மரபணு நோய். தாய், தந்தை இருவரிடமும் குறையுள்ள மரபணு இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 25% வாய்ப்பு உண்டு. அவர்கள் இருவருமே வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும்போது, இருவரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

அரிதான நோய்தான். ஆனாலும் குதிகால் பரிசோதனை இந்தியா முழுக்க எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாகச் செய்யப்படுவதில்லை. எனவே பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், 'குழந்தைக்குக் குதிகால் ரத்தப் பரிசோதனை எடுத்தாச்சா?' என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அதில் எந்தெந்த நோய்கள் பார்க்கப்படுகின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.