உங்களுக்குத் தெரியுமா? அவித்த முட்டைக்கு ஆயுள் குறைவு!

பச்சை முட்டை ஃபிரிட்ஜில் 3 வாரம் வரை தாங்கும். அவித்ததோ ஒரு வாரம்தான். கொதிநீரில் ஓட்டின் இயற்கைப் பூச்சு போய்விடுவதால், நுண்துளைகள் வழியே கிருமிகள் எளிதில் புகுந்துவிடும்.

முட்டைக் குழம்பும் பொடிமாஸும் 3 முதல் 4 நாள் இருக்கும். ஆனால் சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும்; 32 டிகிரியைத் தாண்டும் நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள். ஃப்ரீசரில் குழம்பை 2, 3 மாதம் வைக்கலாம், அவித்த முட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள். உறைந்து இளகிய வெள்ளைக்கரு தண்ணீர் விட்டு, ரப்பர்போல இழுபடும்.

இரவு முழுக்க அடுப்படியில் கிடந்த முட்டைக் குழம்பைச் சூடாக்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். சில கிருமிகள் விட்டுச்சென்ற நச்சு, கொதித்தாலும் போகாது.