பட்டா நிலங்களில் பார்த்தீனியப் பூண்டு

கஞ்சமலைக்கு அருகிலுள்ள இளம்பிள்ளையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நிலமுடையோர் பலர் தறித்தொழிலில் முனைந்திருப்பதால், சில நிலங்கள் பயிரின்றித் தரிசாகக் கிடப்பதுண்டு. இத்தகைய நிலங்களே பார்த்தீனியப் பூண்டுக்கு உறைவிடமாகின்றன. "என் நிலம் தரிசாகக் கிடந்தால் அயலாருக்கு நஷ்டம் என்ன?" என்று கேட்போர், இப்பூண்டின் இயல்பை அறிதல் அவசியம்.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இச்செடி, நம் நாட்டில் பூனா நகரில் 1955ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவிற்று. ஈரம் கிடைத்தால் எப்பருவத்திலும் முளைக்கும். முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும். ஒரே செடி 15,000 முதல் 25,000 வரை விதைகள் ஈனும். நுண்ணிய அவ்விதைகள் காற்றிலும், வாய்க்கால் நீரிலும், வண்டிச் சக்கரத்துச் சேற்றிலும் சென்று பரவும். மண்ணுள் புதைந்தவை பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். ஆகையால் ஒருவர் தரிசில் விளைந்த விதை, அயலாருடைய நிலக்கடலைக்கும் மரவள்ளிக்கும் களைக்கூலியாக வந்து முடிகிறது. இதைத் தொடுவதால் பலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும், மகரந்தத்தால் மூச்சிரைப்பும் உண்டாகின்றன. கறவை மாடுகள் தின்றால் பாலில் கசப்பு ஏறும்.

ஒழிக்கும் முறை

பூப்பதற்கு முன் பிடுங்குவதே தலையாய உபாயம். மழை பெய்த மறுநாளோ, நீர் பாய்ச்சிய பின்னோ, மண் நெகிழ்ந்திருக்கையில் வேருடன் பிடுங்க வேண்டும். அரிவாளால் மேலே அறுத்துவிட்டால், அடியிலிருந்து மீண்டும் கிளைக்கும். பிடுங்குவோர் கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் நலம். பூவாத செடிகளை எருக்குழியிலிட்டு மக்கச் செய்யலாம். பூத்தவற்றை இடலாகாது, இட்டால் எருவோடு விதையும் வயலுக்குச் செல்லும்.

பயிரில்லாத வேலியோரம், பாதையோரம் முதலிய இடங்களில், ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் வீதம் கறியுப்பைக் கரைத்து, சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து, இலை நனையத் தெளிக்கலாம். உப்பு மண்ணைக் கெடுக்குமாதலால் விளைநிலத்தில் இதைச் செய்யக்கூடாது. வெளியான இடங்களில் ஆவாரை, தகரை ஆகியவற்றைத் தழைக்கவிட்டால், அவை பூண்டை நெருக்கி அடக்கும்.

பூச்சியால் வரும் உதவி

சென்னை இராஜதானியில் சப்பாத்திக் கள்ளி பெருகி நிலங்களை அடைத்திருந்த காலத்தில், 1926இல் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட கோச்சினீல் பூச்சி சில ஆண்டுகளில் அதைப் பெரும்பாலும் அழித்தது. அவ்வாறே பார்த்தீனியத்தைத் தின்னும் வண்டு ஒன்று மெக்சிகோ நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 1984ஆம் ஆண்டில் பெங்களூரில் விடப்பட்டது. வெண்ணிற முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் கொண்ட இச்சிறு வண்டைப் பார்த்தீனியத்தின் மீது கண்டால் மருந்தடித்துக் கொல்லலாகாது. எனினும் மழைக்காலத்தில் உண்டு, வறட்சியில் மண்ணுள் உறங்குவதாதலால், இதை மட்டுமே நம்பிக் கைவேலையை நிறுத்துவது தகாது.

சட்டமும் ஊர்க்கட்டும்

பட்டா நிலமாயினும் கேடு பயக்கும் பூண்டை வளரவிடும் உரிமை வரம்பற்றதன்று. 1919ஆம் ஆண்டின் விவசாயப் பூச்சிகள், நோய்கள் பற்றிய சென்னைச் சட்டம், ஒரு பூண்டைக் கேடானதென ஒரு பிரதேசத்துக்கு அறிவிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. அவ்வாறு அறிவித்தபின் நிலத்தை அனுபவிப்பவரே அதை ஒழிக்க வேண்டும். தவறினால் அதிகாரிகள் ஒழித்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

ஆயினும் அறிவிப்பை எதிர்பார்த்திராமல் ஊரார் தாமே கூடிச் செய்வது மேல். முதல் மழைக்குப் பின் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, பட்டா நிலம், வாய்க்கால் கரை, புறம்போக்கு யாவற்றிலும் ஒருங்கே பிடுங்க வேண்டும். பின்முளைத்தவற்றுக்காக மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒரு நாள் குறிக்க வேண்டும். வெளியூரிலுள்ள பட்டாதாரர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலர் முன்கூட்டியே தெரிவித்தால், அவர்கள் ஆள் அமர்த்தவோ கூலிப்பங்கு அனுப்பவோ வசதியாகும். ஒரு தரிசு விடுபட்டாலும் அடுத்த மழையில் ஊர் முழுவதும் மீண்டும் களை பிடுங்க நேரிடும்.