தபசு காலம்

ஈஸ்டர் பண்டிகைக்கு முன்பு கிறிஸ்தவர்கள் அனுஷ்டிக்கும் தபசு காலம் 40 நாள். பஞ்சாங்கத்தில் எண்ணினால் 46 வரும்! ஞாயிறு கிறிஸ்து உயிர்த்தெழுந்த தினமாதலால் அந்த ஆறு ஞாயிறுகளுக்கும் உபவாசக் கணக்கில் இடமில்லை.

முதல் நாள் விபூதிப் புதன். சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று ஆசீர்வதித்த ஓலைகளைச் சுட்ட சாம்பலைக் கத்தோலிக்கக் குருவானவர் நெற்றியில் இடுகிறார். திருநீறணியும் நம் நாட்டாருக்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ? வெள்ளிதோறும் 14 நிலைகளில் சிலுவைப் பாதைத் தியானம்.

மாமிசத்தை விடுவது எளிது, பிரார்த்தனைதான் கடினம். மனஸ்தாபங் கொண்ட சகோதரனுடன் முதலில் சமாதானமாகி, பிறகு வந்து காணிக்கை செலுத்தச் சொல்கிறது மத்தேயு சுவிசேஷம். ஆகவே, ஜபத்துக்கு முழந்தாளிட்டவர் எழுந்து, வரப்புத் தகராறில் பேச்சற்றுப்போன பங்காளியின் வாசற்படி ஏறவேண்டியிருக்கிறது. அவர் கதவைத் திறப்பாரா என்பதைப் பற்றிச் சுவிசேஷம் அங்கே ஒன்றும் சொல்லவில்லை.