லினக்சில் உறக்கநிலை மின்கல இழப்பு

உறக்கநிலை மின்கல இழப்பு என்பது மூடி வைக்கப்பட்ட மடிக்கணினியின் மின்கலம் பயன்பாடின்றியே தீர்ந்துபோவதைக் குறிக்கும். உறக்கநிலையில் திறந்துள்ள ஆவணங்கள் நினைவகத்திலேயே இருப்பதால், அதற்குச் சிறிதளவு மின்சாரம் தொடர்ந்து தேவை. மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் சேமிக்கப்படாத வேலை அழிந்துவிடும்.

எஸ்3 எனப்படும் பழைய முறையில் செயலி உள்ளிட்ட பெரும்பாலான உறுப்புகளுக்கு மின்சாரம் நிறுத்தப்படும். 2011 இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. அக்காலக் கணினிகள் பொதுவாக எஸ்3 முறையைச் சார்ந்தவை. (பாஸ் உருவாக்கத்தின் பின்னணியில் இருந்த கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தில், தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் பங்கேற்றது.)

2013 இல் வெளியான லினக்சு கருனி 3.9 இல் மற்றொரு முறை சேர்க்கப்பட்டது. இதில் செயலி அணைக்கப்படுவதில்லை, செயலற்று இருக்கிறது. ஒரேயொரு சாதனத்தின் இயக்கி ஓய்வுக்குச் செல்ல மறுத்தாலும் செயலி ஆழ்ந்த ஓய்வை அடையாமல் போகலாம். புறநகர்த் தொடர்வண்டியில் பைக்குள் இருக்கும் கணினி சூடாவது இதன் அறிகுறி. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 வசதியே இல்லை என்பதால், பழியை இயங்குதளத்தின்மீது மட்டும் சுமத்துவது முறையன்று.

இரு முறைகளும் உள்ள கணினியில் எஸ்3 முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையெனில், நினைவக உள்ளடக்கத்தை வன்தட்டின் இடமாற்றுப் பகுதியில் எழுதிவிட்டு மின்சாரத்தை முழுதும் நிறுத்தும் ஆழ்துயில் முறை உதவும். இடமாற்றுப் பகுதி போதிய அளவில் இல்லாவிடில் அது தோல்வியடையும்.